இலத்திரன் மோதல் கணிப்பு: மகளின் விருப்பமும் உங்கள் கவலையும்

உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் எடுத்த மகள், அணுக்களோடும் மூலக்கூறுகளோடும் இலத்திரன்கள் மோதுவதைக் கணிக்கும் துறைக்குப் போக விரும்புகிறாள். வேலை கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். இந்தப் பெயரில் வேலை விளம்பரம் வராது. ஆனால் இந்தக் கணிப்புகள் தரும் குறுக்குவெட்டு எண்கள் (ஒரு மோதல் நிகழ எவ்வளவு வாய்ப்பு என்பதன் அளவு) இல்லாமல், சிப் தயாரிப்பில் சிலிக்கனை அரிக்கும் பிளாஸ்மாவையோ (மின்னேற்றத் துணிக்கைகள் கொண்ட வாயு) அணுக்கரு இணைவு உலையையோ சரியாக மாதிரியாக்க முடியாது. 3 முதல் 20 இலத்திரன் வோல்ற்று சக்தி மட்டுமே உள்ள இலத்திரன்கள்கூட டிஎன்ஏ இழைகளை முறிக்கும் என்று 2000இல் கனடாவில் காட்டியதிலிருந்து, கதிர்வீச்சு மருத்துவ ஆய்வாளர்களுக்கும் இவை தேவைப்படுகின்றன.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம். பெறுபேறு வரும்வரை உப்புவெளி வீட்டிலேயே மடிக்கணினியில் பைதன் நிரல்மொழியால் தொடங்கலாம். கோள வடிவக் கிணறு ஒன்றில், அதாவது இலத்திரனின் அழுத்த சக்தி குறைந்திருக்கும் கோளப் பகுதியில், ஆரைச் சமன்பாட்டை (மையத்திலிருந்தான தூரத்தோடு இலத்திரனின் அலை எப்படி மாறுகிறது என்பதைச் சொல்வது) சிறு சிறு படிகளாக, நூமரொவ் என்ற எண்சார் முறையில் தீர்க்கட்டும். கோண உந்தம் பூச்சியமானால் கிணற்றுக்கு வெளியே அலை வெறும் சைன் வடிவம். கிணறு இல்லாதபோது இருக்கும் அலையிலிருந்து அது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதே அவத்தைப் பெயர்ச்சி. இதற்கு உயர்தரக் கணிதம் போதும், கையால் கண்ட விடையோடும் ஒப்பிடலாம். விடை பிழைத்தால் முதலில் அலகைப் பார்க்கட்டும்: அணு அலகில் சக்தி 1 என்பது 27.2 இலத்திரன் வோல்ற்று. அடுத்தது கிணற்றின் விளிம்பு; அங்கே அழுத்த சக்தி திடீரென மாறுவதால் நூமரொவின் துல்லியம் குறையும். படியைப் பாதியாக்கினாலும் விடை மாறாதிருந்தால்தான் நம்பலாம்.

உண்மையான சவால் மூலக்கூறில் இருக்கிறது. நைதரசனில் சுமார் 2.3 இலத்திரன் வோல்ற்றில் பரிவு தோன்றுகிறது, அதாவது வரும் இலத்திரன் மூலக்கூறில் சிறிது நேரம் சிக்கிக்கொள்கிறது. மூலக்கூறின் இலத்திரன்கள் அசையாமல் நிற்பதாக வைத்துக் கணித்தால் அது 4க்கு அருகே போய்விடும். வரும் இலத்திரனின் தள்ளுவிசையால் அவை விலகுவதைச் சேர்த்தால்தான் கீழே இறங்கும். இப்படியொரு வேறுபாட்டின் காரணத்தை வாரக்கணக்கில் தேடும் பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பரீட்சைப் புள்ளிகளைவிட நான் இதைத்தான் பெரிதாகக் கருதுவேன்.

பல்கலைக்கழகத்தில் 4 வருடச் சிறப்புப் பட்டம் கட்டாயம். முதல் வருடங்களின் பெறுபேற்றில்தான் அதற்குத் தெரிவு நடக்கும், ஆகவே தொடக்கத்திலேயே அசட்டை கூடாது. குவாண்டம் பொறிமுறை, எண்சார் பகுப்பாய்வு இரண்டையும் விடாமல் எடுக்கட்டும். லினக்ஸ் இயங்குதளமும் போர்ட்ரான் நிரல்மொழியும் பழகட்டும். மோதல் கணிப்பு நிரல்களில் பல போர்ட்ரானில்தான் இருக்கின்றன. இந்தத் திறமை மென்பொருள், தரவுத் துறைகளிலும் செல்லும்.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போக நேர்ந்தால் முழு உதவித்தொகை இல்லாமல் அனுப்ப வேண்டாம். காணியை அடகு வைத்துப் படிக்கும் படிப்பு இதுவல்ல. சேர முன்னரே மேற்பார்வையாளரிடம், அவருடைய பழைய மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று மகளே எழுதிக் கேட்கட்டும்.