தாத்தாவின் கையில் துப்பாக்கி

அன்புள்ள ஐயா,

என் தந்தையின் தாத்தா முதல் உலகப் போரின்போது இராக்கிலுள்ள பஸ்ரா துறைமுகத்துக்குப் போய் வந்தவர். எங்கள் வீட்டுக்கு ஊரில் இன்றும் ‘பட்டாளத்தார் வீடு’ என்றுதான் பெயர். ஆனால் அவர் சண்டை போட்டதில்லை, கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார் என்று பாட்டி சொல்வார். மிஞ்சியிருப்பது ஒரு செம்புப் பதக்கம். டிசம்பர் 7 கொடி நாளுக்கு, அவர் துப்பாக்கி பிடித்திருப்பதுபோல் படம் வரைந்து மாட்டலாம் என்கிறான் என் மகன். மூட்டை சுமந்தவரைப் பட்டாளத்தார் என்பதே பொய்யில்லையா?

வாசகர், பரதராமி

அன்புள்ள நண்பருக்கு,

பட்டாளத்தார் வீடு என்பதில் பொய் இல்லை. துப்பாக்கிதான் பொய்.

பதக்கத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் பொட்டுத் துணியில்லாமல் குதிரைமேல் ஒருவன், குதிரையின் காலடியில் கேடயமும் மண்டையோடும், 1914, 1918 என்ற ஆண்டுகளும் இருந்தால், அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சிப்பாய்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். தொழிலாளர் படைக்கும் சுமைதூக்கும் படைக்கும் வெண்கலத்தில். எங்கள் வீட்டு வெள்ளிப் பதக்கம் அத்தையின் கொலுசாகிவிட்டது. நீங்கள் செம்பு என்பது இந்த வெண்கலம்தான், அதனால் தப்பியது.

இனி விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து போய்விடும். எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். பெயருக்கு முன்னால் ‘கூலி’ என்றே இருக்கலாம். நம் சொல்தான், சம்பளத்தைச் சொன்ன சொல்லை வெள்ளைக்காரன் ஆளுக்கே பதவியாக்கிவிட்டான். அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள், 14 பேர் உயிர்நீத்தார்கள் என்கிறது. (வேலூர் கிராமமாம்!) அதில் ஒருவர் பெயரும் இல்லை. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) இறந்து, கல்லறை தெரியாமல் போன 40,000 பேருக்கு மேல் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இடம் பெற்றிருக்கிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர்; மற்றவர்கள் இந்தப் பிரிவில் இத்தனை பேர் என்று வெறும் எண்ணிக்கை. துப்பாக்கி பிடித்துச் செத்தவனுக்கே அந்தக் கதி. மூட்டை இறக்கிய உங்கள் பாட்டனாருக்கோ கட்டைவிரல் அளவு விளிம்பில் தனியாக ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

படம் வேண்டாம் என்று மகனைத் தடுக்காதீர்கள். பஸ்ராத் துறையை வரையட்டும். பின்னால் கப்பல், முதுகில் மூட்டை. கீழே விளிம்பில் உள்ளதை எழுத்து மாறாமல் எழுதட்டும், ‘கூலி’ இருந்தால் அதையும் சேர்த்து.