உயிரை வடிவமைத்தல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

உயிரணுவை இயந்திரம்போல் வடிவமைத்துக் கட்டலாம் என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது இயற்கையின்மேல் கைவைக்கும் செயலாகவே தெரிகிறது. உங்கள் கருத்து என்ன?

வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கைவைப்பது புதிதன்று. உங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நடவு நடந்தபோதே, ஆப்பிரிக்க மரம் ஒன்று தன் காட்டையும் மகரந்தம் சுமக்கும் துணைப்பூச்சிகளையும் பிரிந்து இங்கே வந்து நின்றுவிட்டது. பூச்சி இல்லாத குறையைப் பல தோட்டங்களில் நம் பெண்கள்தான் தீர்த்தார்கள். ஆண்பூவின் தூளைச் சேர்த்துப் பெண்பூவின்மேல் கையால் தூவியபடி மரம் மரமாக நடந்தவர்களில் என் அம்மாவும் ஒருவர். 1981இல் கேமரூன் நாட்டுக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டபின் அந்த வேலையே இல்லாமல் போயிற்று. மரத்தை மட்டும் உயிர் என்று எண்ணியவர்கள், வண்டையும் என் அம்மாவையும் அந்த உயிரின் பகுதியாக எண்ணவில்லை.

உங்கள் மகள் சொல்வதிலும் உண்மை உண்டு. பாக்டீரியாவில் ஆக்கிய மனித இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இனிப்புநீரோடு வாழும் நம்மவர்களை நினைக்கையில் அதைப் பாவம் என்று நான் சொல்லமாட்டேன்.

‘இயந்திரம்போல்’ என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. 2016இல் அமெரிக்க மரபணு ஆய்வாளர் கிரேக் வென்டரின் குழு 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட நுண்ணுயிர் ஒன்றை ஆக்கியபோது, அவற்றுள் 149 என்ன செய்கின்றன என்பது அவர்களுக்கே விளங்கவில்லை. அவற்றை நீக்கினாலோ அது வாழவில்லை, அல்லது தேறவில்லை.

செம்பனையிலும் இது நேர்ந்தது. சிறந்த மரத்தின் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கன்றுகளில் சில, ஆண்டுக்கணக்கில் உரமிட்டுக் காத்திருந்தபின், உருக்கெட்ட, எண்ணெய் குன்றிய பழங்களையே ஈன்றன. மலேசிய ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட காரணம் வியப்புக்குரியது: மரபணுவின் எழுத்துகள் மாறவில்லை, அவற்றின்மேல் இருந்து மரபணுவின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தியிருக்கவேண்டிய மெத்தில் என்னும் வேதிக் குறிகள் அழிந்திருந்தன. தாய்மரத்தின் எழுத்தை முழுதாகப் படியெடுத்தும் தாய்மரம் கிடைக்கவில்லை.

மகள் படிக்கட்டும். விடுமுறையில் ஒரு காலை அவரைச் செம்பனைக் காட்டுக்கு அழைத்துச் சென்று, விரிந்த ஆண்பூவில் அந்த வண்டுகள் மொய்ப்பதைக் காட்டுங்கள். முன்பு அது யாருடைய வேலையாக இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.