கணக்கு நோட்டும் சுயபுத்தியும்

அன்புள்ள ஐயா,

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். தோஹாவில் வேலை வந்திருக்கிறது, சம்பளம் இரண்டரை மடங்கு. அப்பா இல்லை. அம்மாவுக்கு 71 வயது, நான் ஒரே பிள்ளை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று நோட்டில் இரண்டு பக்கமாக எழுதிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஜெபக்கூட்டத்து அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "சுயபுத்தியின்மேல் சாயாதே என்று வசனம் இருக்கிறதே தம்பி, நோட்டை மூடிவிட்டு ஒரு வாக்குத்தத்த அட்டை எடு" என்றார். வேதவசனம் ஒன்று அச்சிட்ட, பார்க்காமல் எடுக்கிற அட்டை அது. யோசிப்பதே அவிசுவாசமா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

நோட்டை மூட வேண்டாம். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று கேட்டவர் இயேசுதான் (லூக்கா 14:28).

நீதிமொழிகள் 3:5இல் இருக்கிற வார்த்தை 'சாயாமல்'. எபிரெய மூலத்தில் இதே வினைச்சொல் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலின் கடைசி நேரத்திலும் வருகிறது. கில்போவா மலையில் சவுல் தன் ஈட்டியின்மேல் சாய்ந்துகொண்டிருந்தார், இரதங்களும் குதிரைவீரரும் நெருங்கிக்கொண்டிருந்தார்கள் என்று ஓர் அமலேக்கிய வாலிபன், பின்னால் ராஜாவான தாவீதிடம் வந்து சொல்கிறான் (2 சாமுவேல் 1:6). ராஜாவின் கையில் ஈட்டி இருப்பதில் குற்றமில்லை. உடம்பின் பாரம் மொத்தத்தையும் அதன்மேல் இறக்கிவிட்டு நிற்கிறாரே, அந்த நிலைக்குத்தான் சாய்வது என்று பேர். உங்கள் நோட்டு ஈட்டி மாதிரி. கையில் இருக்கட்டும்.

யோசுவா 9ஆம் அதிகாரத்தை இன்று இரவு வாசியுங்கள். கிபியோன் ஊரார் தூரதேசத்தவர் போல நடித்து வருகிறார்கள். பூசணம் பூத்த அப்பம், பீறலான திராட்சரசத் துருத்தி, தேய்ந்த செருப்பு. இஸ்ரவேலர் ஏமாளிகள் அல்ல. முதலிலேயே சந்தேகப்பட்டார்கள், கேள்வி கேட்டார்கள், அப்பத்தை வாங்கியும் பார்த்தார்கள். சாட்சி எல்லாம் பொருந்தியது. கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. மூன்று நாளில், வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று தெரிந்தது. அதற்குள், அவர்களை உயிரோடே விடுவோம் என்று ஆணையிட்டுக் கொடுத்தாயிற்று.

தாவீது வேறு மாதிரி. ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் எதிரிகளான பெலிஸ்தர் வந்தபோது போகலாமா என்று கர்த்தரிடம் கேட்டான், 'போ' என்று பதில் வந்தது, ஜெயித்தான். மறுபடியும் அதே பெலிஸ்தர், அதே பள்ளத்தாக்கு. நானாக இருந்தால் பழைய உத்தரவை வைத்துக்கொண்டே கிளம்பியிருப்பேன். அவன் திரும்பவும் கேட்டான். இந்தத் தடவை பதில் வேறு: நேராகப் போகாதே, பின்னால் சுற்றி வா, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை காத்திரு (2 சாமுவேல் 5:23-24). ஜெயித்த கையோடு இருந்தவன் மறுபடி கேட்டானே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நெகிழ்கிறது.

வாக்குத்தத்த அட்டையைக் குறைத்துச் சொல்லமாட்டேன். புதுவருஷ ஆராதனையில் அம்மா எடுத்த அட்டைகள் இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கின்றன, சோர்ந்த நாளில் தாங்கியிருக்கின்றன. ஆனால் தோஹாவா நாகர்கோவிலா என்று அதில் தேடினால், எந்த வசனம் வந்தாலும் நம் ஆசைக்கு ஏற்றபடி அர்த்தம் பண்ணிக்கொள்வோம். அதுவும் சுயபுத்திதான், ஜெப உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறது.

இதை என் தப்பிலிருந்தே சொல்கிறேன். 34 வயதில் ஒரு வேலையை விட்டேன். விடுவதென்று முதல் நாளே தீர்மானித்துவிட்டு, அப்புறம் மூன்று வாரம் முழங்காலில் நின்றேன். எழுதி முடித்த தாளை நீட்டி ஆண்டவரிடம் கையெழுத்து கேட்டிருக்கிறேன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. 'போகாதே' என்று பதில் வந்தால் கீழ்ப்படிய மனசு இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. உங்களை நான் கேட்கிறேன். 'போ' என்று வந்தாலும் இதே கேள்விதான். சிலருக்கு அதுதான் கஷ்டம்.

இன்னொன்று. கடிதத்தில் அம்மாவின் வயது இருக்கிறது, அம்மா என்ன சொன்னார்கள் என்பது இல்லை. நோட்டை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், இரண்டு பக்கத்தையும். அப்புறம் ரெண்டு பேருமாக ஜெபியுங்கள். அந்தக் கம்பெனிக்கு எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். அதுவரை காலை ஜெபத்தில் உங்கள் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன்.