வீட்டில் காய்கறி எதுவும் இல்லாத நாளில், வேலை முடிந்து வந்து இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள்?

வடகம் (வெங்காயம், கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து உருட்டிக் காயவைத்த தாளிப்பு உருண்டை) தாளித்த புளிக்குழம்பு. எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நாளில் பெரும்பாலும் இதுதான்.

நான் இருப்பது கடலூர் புதுப்பாளையம். வீட்டுக்கு வந்து சேரும்போது மணி ஏழரை ஆகிவிடும், பிள்ளைகள் அதற்குள் பசி என்று சொல்ல ஆரம்பித்திருப்பார்கள். அப்போது காய்க்கூடையைப் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. புளிப்புக்கு வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். புளியா, புளித்த மோரா? அது தெரிந்துவிட்டால் என்ன சமைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

புளி இருந்தால் வேலை சுலபம். சின்ன எலுமிச்சை அளவு புளியை, அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் ஊறவையுங்கள். தேங்காய் இல்லாத குறை தெரியாமல் குழம்பு கெட்டியாக வரும். சட்டியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக, மூன்று மேசைக்கரண்டி விட்டு, தீயைக் குறைத்த பிறகு வடகத்தை உதிர்த்துப் போடுங்கள். எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் வடகம் நொடியில் கருகிக் கசந்துவிடும். பொன்னிறமாகி வாசனை வந்ததும் பதினைந்து பல் பூண்டை முழுசாகப் போட்டு வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு ஸ்பூன், புளிக்கரைசல், உப்பு சேர்த்து எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவிடுங்கள். தனியாகக் கடுகு, வெந்தயம் போட வேண்டாம், இரண்டும் வடகத்திலேயே இருக்கின்றன.

மூன்று பேருக்கு இது போதும். முட்டை இருந்தால் கொதிக்கும் குழம்பிலேயே ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, கிளறாமல் ஐந்து நிமிடம் மூடி வைத்துவிடுவேன். பிள்ளைகளுக்கு அவித்த முட்டையைவிட இதுதான் பிடிக்கும். தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளம்.

கோடையில் இன்னும் வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் விலை கைக்கு எட்டாது. ஆனால் அதே மாதங்களில்தான் பண்ருட்டிப் பலா வந்து குவியும், மாங்காயும் கிடைக்கும். பலாச்சுளை தின்ற கொட்டைகளைக் கழுவி உலர்த்தி வைத்துக்கொண்டால் அதுவே காய். வேகவைத்துத் தோலுரித்த பலாக்கொட்டை, இரண்டு துண்டு மாங்காய், வெந்நீரில் ஊறவைத்துத் தலை கிள்ளிய ஒரு பிடி நெத்திலிக் கருவாடு, மூன்றையும் மேலே சொன்ன குழம்பில் போட்டுப் பாருங்கள். மாங்காய் சேர்த்தால் புளியைப் பாதியாகக் குறையுங்கள், கருவாட்டில் உப்பு இருப்பதால் உப்பைக் கடைசியில் போடுங்கள். ஊரே மணக்கும். இதை அவசரச் சமையல் என்று சொல்லவே எனக்கு மனசு வராது, விருந்தாளிக்கே தைரியமாகப் பரிமாறலாம்.

புளி இல்லை, சோறு வடிக்கவும் தெம்பில்லை, புளித்த மோர் மட்டும் இருக்கிறதா? மோர்க்களி செய்யுங்கள். ஒரு டம்ளர் அரிசி மாவுக்கு மூன்று டம்ளர் மோர், உப்பு போட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கிவிடலாம். பதினைந்து நிமிடத்தில் தட்டுக்கு வந்துவிடும். மோர்மிளகாயை நிறையப் போடுங்கள், அதுதான் தொட்டுக்கையும்.

முன்னே சொன்ன குழம்புகளுக்கெல்லாம் அடிப்படை வடகம்தான். எங்கள் வீட்டில் மாமியார் சித்திரை வெயிலில் போடுவார். சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலையை இடித்து, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார். பகலில் காயவைத்து, ராத்திரி திரும்ப உதிர்த்துப் பிசைந்து மறுபடி உருட்ட வேண்டும். இப்படிப் பல நாள் சுருங்கக் காய்ந்தால்தான் வருஷம் முழுக்கக் கெடாது. நேரமில்லாதவர்கள் மளிகைக் கடையில் வாங்கலாம். வாங்கும்போது உடைத்துப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் எடுக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.