ஷாகுஹாச்சியில் சரளி வரிசை

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறேன். நான்கு வருடமாகக் கர்நாடகப் புல்லாங்குழல் கற்கிறேன். போன மாதம் உறவினர் ஒருவர் ஜப்பானிலிருந்து ஷாகுஹாச்சி என்ற மூங்கில் குழலை வாங்கிவந்தார். அதில் ஆரம்பப் பாடமான சரளி வரிசைகூட வரவில்லை. பாதி நேரம் வெறும் காற்றுதான். என் ஆசிரியரோ, கண்ட குழலையும் ஊதினால் உதடு கெட்டுவிடும் என்கிறார். விட்டுவிடவா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விட்டுவிடாதீர்கள். ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் குழலைப் பக்கவாட்டில் பிடிக்கிறோம். ஷாகுஹாச்சியை நேராகப் பிடித்து, மேல்முனையை மோவாயில் பதித்து, சீவிய விளிம்பில் காற்று படும்படி ஊத வேண்டும். உதடு குவிகிற விதமே வேறு. எனக்கும் முதல் இரண்டு மாதம் இரண்டுமே தடுமாறின. காலையில் நம் குழல், மாலையில் அது என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் சரியாயிற்று.

சரளி வரிசை வராததற்கு வேறு காரணம் இருக்கிறது. நம் குழலில் விரல் துளை எட்டு. அதில் ஐந்தே ஐந்து: முன்னால் நான்கு, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. கீழிருந்து ஒவ்வொன்றாகத் திறந்துபாருங்கள், நம் காதுக்கு ஐந்து சுரமே உள்ள சுத்த தன்யாசி ராகம் கேட்கும். சரளி வரிசையோ ஏழு சுரமும் உள்ள மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது; அதற்கு வேண்டிய மற்றச் சுரங்களைப் பாதித்துளையிலும் கழுத்திலும்தான் தேட வேண்டும். தலையைத் தாழ்த்தினால் சுரம் இறங்கும், அதற்கு ‘மெரி’ என்று பெயர். நிமிர்ந்தால் ஏறும், அது ‘கரி’. நாம் விரலில் பிடிக்கிற அசைவை அவர்கள் மோவாயில் பிடிக்கிறார்கள். இது எனக்குப் பிடிபட்ட அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதனால் சரளியைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவையுங்கள். ஐந்து துளையையும் மூடினால் வருவது ‘ரோ’. அந்த ஒரு சுரத்தை மட்டும் தினம் பத்து நிமிடம் நீட்டி ஊதுங்கள். அங்கே கற்பவர்கள் செய்கிற சாதகம் அது. காற்றுச் சத்தம் கலந்தால் கவலைப்படாதீர்கள். கூடைபோன்ற தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு ஊதிச்சென்ற கொமுசோ துறவிகளுக்கு அந்த மூச்சே தியானம்.

அப்புறம், நம்மூர் வெயில். ஏற்காட்டுக் குளிரில் ஊதிக்கொண்டிருந்த குழலை ஒரு சித்திரை மாதம் சேலத்துக்குக் கொண்டுவந்து, காரிலேயே வைத்துவிட்டேன். மதியம் எடுத்தால் மூங்கிலில் மயிரிழைபோல ஒரு கீறல். காற்று ஒழுகி, ரோ வரவே இல்லை. நைலான் நூலை நெருக்கி நெருக்கி இறுகச் சுற்றித்தான் மீட்டேன். உங்களுடையதை ஊதி முடித்ததும் உள்ளே ஈரம் போகத் துடைத்து, மூங்கில் வறண்டு கீறாதபடி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவையுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் ஒரு நாளும் மறக்காதீர்கள்.