பழுதான சர்வரை விர்ச்சுவல் மெஷினில் எழுப்புவது எப்படி?

கணினி கேள்வி - பதில்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் மொத்த வியாபாரம். இடி விழுந்ததில் சர்வரின் மதர்போர்டு போய்விட்டது. விண்டோஸ் சர்வர் 2016. 1 டிபி டிஸ்க்கில் 180 ஜிபிதான் டேட்டா. தினமும் ராத்திரி விண்டோஸ் சர்வர் பேக்கப் வழியாக ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் முழு பேக்கப் எடுத்துவந்தோம். இப்போது விண்டோஸ் 11 புரோ கணினியில் ஹைப்பர்-வி வசதியைப் போட்டு, 250 ஜிபி டிஸ்க்கோடு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) உருவாக்கி ரீஸ்டோர் செய்தால், 'மீட்பதற்கு ஏற்ற டிஸ்க் இல்லை' என்று நின்றுவிடுகிறது. பேக்கப் கெட்டுப்போயிருக்குமா?

பதில்: பேக்கப் கெட்டதாகத் தெரியவில்லை. 80042412 என்று முடியும் பிழை எண் வந்திருந்தால், காரணம் அந்த 250 ஜிபிதான். உள்ளே எவ்வளவு டேட்டா இருக்கிறது என்று ரீஸ்டோர் பார்ப்பதில்லை. பழைய டிஸ்க்கின் மொத்த அளவுக்குக் குறையாத டிஸ்க் வேண்டும் என்று கேட்கும். 1000 ஜிபி என்று கொடுத்து, 'டைனமிக்' வகையில் (டேட்டா சேரச் சேர மட்டும் வளரும் டிஸ்க்) உருவாக்குங்கள். உங்கள் எஸ்எஸ்டியில் அது பிடிக்கப்போவது 180 ஜிபிக்குக் கொஞ்சம் மேல்தான். பழைய சர்வரில் இரண்டு டிஸ்க் இருந்து இரண்டும் பேக்கப்பில் சேர்ந்திருந்தால், இங்கேயும் இரண்டு வேண்டும்.

அடுத்த பொறி, மெஷினை உருவாக்கும்போது கேட்கும் ஜெனரேஷன். பேக்கப் டிஸ்க்கில் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' ஃபோல்டருக்குள் 'இஎஸ்பி' என்ற பெயரில் ஒரு சின்ன விஎச்டிஎக்ஸ் (விர்ச்சுவல் டிஸ்க்) கோப்பு இருந்தால் பழைய சர்வர் யூஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கும் புதிய முறை). ஜெனரேஷன் 2 தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஜெனரேஷன் 1. மெஷினை உருவாக்கிய பிறகு இதை மாற்ற வழியில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். அதே ஃபோல்டரில் கிடக்கும் பெரிய விஎச்டிஎக்ஸை நேரடியாக மாட்டி பூட் செய்யலாமே என்று தோன்றும். பூட் ஆகாது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, பூட் பகுதி அதில் இல்லை. ஆனால் இன்றைக்கே பில் போட வேண்டுமென்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'அட்டாச் விஎச்டி' கொடுத்து, 'ரீட் ஒன்லி' டிக் செய்து திறந்து, டேட்டா ஃபோல்டரை மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாம். அந்த டிக்கை மறக்கவே கூடாது. உங்களிடம் இருக்கும் ஒரே பேக்கப் அது.

இனி ரீஸ்டோர். யூஎஸ்பி டிஸ்க்கை டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'ஆஃப்லைன்' ஆக்கி, மெஷினின் எஸ்சிஎஸ்ஐ கன்ட்ரோலரில் 'பிசிக்கல் ஹார்ட் டிஸ்க்' ஆகச் சேருங்கள். பென் டிரைவை இப்படிச் சேர்க்க முடியாது. மீட்க வேண்டிய டிஸ்க்கும் பேக்கப் டிஸ்க்கும் தவிர வேறு எதுவும் மாட்டியிருக்க வேண்டாம்; ரீஸ்டோர் அதையும் அழித்து எழுதிவிடக்கூடும். சர்வர் 2016 ஐஎஸ்ஓவில் (இன்ஸ்டால் டிஸ்க்கின் கோப்பு வடிவம்) பூட் செய்யுங்கள். 'ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்ற வரி சில நொடிகளே நிற்கும், தவறினால் நெட்வொர்க் பூட்டுக்குப் போய்விடும். பிறகு ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர், டிரபிள்ஷூட், சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி. யூஎஸ்பி 3.0 என்றால் அரை மணி நேரம் போல ஆகும், 2.0 போர்ட்டில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம்.

எழுந்ததும் விண்டோஸ் ஆக்டிவேஷன் கேட்கும். சர்வரோடு சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் பழைய வன்பொருளுக்கு மட்டுமே உரியது, அதனால் லைசென்ஸ் செலவையும் கணக்கில் வையுங்கள். விண்டோஸ் 11 ஹைப்பர்-வியில் ஆட்டோமேட்டிக் செக்பாயின்ட் (மெஷினின் அந்த நேர நிலையைச் சேமித்து வைப்பது) தானாகவே ஆன் ஆகியிருக்கும். அதை அணைத்துவிடுங்கள். செக்பாயின்ட் அதே டிஸ்க்கில்தான் உட்கார்ந்திருக்கிறது, பேக்கப்புக்கு அது ஈடாகாது.

கேள்வி: குளச்சலில் மீன் ஏற்றுமதி அலுவலகம். இதே முறையில் ரீஸ்டோர் ஆகிவிட்டது. ஆனால் மற்ற கணினிகளுக்கு சர்வர் தெரியவில்லை. பழைய ஐபி முகவரியைக் கொடுத்தால் 'வேறொரு அடாப்டரில் இருக்கிறது' என்கிறது.

பதில்: பழைய நெட்வொர்க் கார்டின் (அடாப்டர்) பதிவு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'மறைந்த டிவைஸ்களைக் காட்டு' கொடுத்தால் மங்கலாகத் தெரியும். அன்இன்ஸ்டால் செய்துவிட்டு ஐபியைக் கொடுங்கள். அதற்கு முன், மெஷின் ஹைப்பர்-வியின் எந்த விர்ச்சுவல் ஸ்விட்சில் (நெட்வொர்க் இணைப்பு) இருக்கிறது என்று பாருங்கள். 'டிஃபால்ட் ஸ்விட்ச்' தனி நெட்வொர்க் மாதிரி, உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. 'எக்ஸ்டர்னல்' ஸ்விட்ச் ஒன்று உருவாக்கி அதில் இணையுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஒத்திகையாக ரீஸ்டோர் செய்து பார்க்கலாமா?

பதில்: கட்டாயம் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. மெஷினின் நெட்வொர்க்கை 'நாட் கனெக்டட்' என்று வைத்துத்தான் முதல் பூட். ஒரே பெயரிலும் ஒரே ஐபியிலும் இரண்டு சர்வர் ஒரே லேனில் எழுந்தால் பில் எதில் பதிவாகிறது என்றே தெரியாது. டொமைன் கன்ட்ரோலர் (எல்லாக் கணினிகளின் லாகினையும் கவனிக்கும் சர்வர்) என்றால் சிக்கல் இன்னும் பெரிது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கோடை இடியும் உண்டு. மின்னல் யூஎஸ்பி வழியாகவும் லேன் கேபிள் வழியாகவும் பாயும். இரண்டு பேக்கப் டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.