விபத்து நடந்த நாளிலிருந்து எண்ணுங்கள்

கேள்வி: திண்டிவனம் பக்கம் என் கணவரின் பைக்கில் லாரி மோதியது. 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்து இறந்துபோனார். அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. "கோர்ட்டில் போலீஸ் கேஸ் முடியட்டும், நஷ்டஈட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் மனு போடலாம்" என்கிறார் கொழுந்தனார். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். காத்திருக்கலாமா?
- விழுப்புரம் மாவட்ட வாசகி

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. உங்களுக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. இதழ் வரும்வரை பொறுக்காமல் தனியே கடிதமும் போட்டுவிட்டேன்.

கொழுந்தனார் சொல்வது ஒரு காலத்தில் சரிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த காலக்கெடுவை 1994-இல் எடுத்துவிட்டார்கள். நான் ஜூனியராக இருந்தபோது, கணவர் இறந்து நான்கு வருடம் கழித்து ஓர் அம்மா வந்தார். எஃப்.ஐ.ஆர். நகலை எட்டாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தார். மடிப்பில் மை அழிந்து, லாரி நம்பரின் கடைசி இரண்டு எண்கள் தெரியவில்லை. வேறு நகல் வாங்க அலைந்தோம், ஆனால் மனு போட முடிந்தது. 2019 திருத்தம் ஆறு மாதக் கெடுவை மறுபடி கொண்டுவந்துவிட்டது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

அந்த ஆறு மாதம் விபத்து நடந்த நாளிலிருந்து ஓடுகிறது, இறந்த நாளிலிருந்து அல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் உட்கார்ந்திருந்த 23 நாளும் அதில் சேர்த்தி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. துக்க வீட்டில் யார் காலண்டர் பார்ப்பார்கள்? இந்தக் கெடுவை எதிர்த்த வழக்கில், இதைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது இடைக்கால உத்தரவு. அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

லாரி டிரைவர் மீதான குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு மனு வேறு. குற்ற வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகலாம், மனு போட அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனைச் சான்று, லாரியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் விவரம் கையில் இருந்தால் போதும். வாரிசுச் சான்றிதழ் தாமதமானால் அப்புறம் தாக்கல் செய்துகொள்ளலாம். மாமியார் இருந்தால் அவர் பெயரையும் சேருங்கள், அவருக்கும் பங்கு உண்டு.

ஸ்டேஷனில் ஒன்று கேளுங்கள்: விபத்துத் தகவல் அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிவிட்டார்களா? மூன்று மாதத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் உங்கள் மனுவைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.